பன்னிரண்டு பாகைப் பியர்

ஒக்லாந்தில் எங்கள் ஆட்கள் குடிப்பது கராஜுக்குள்ளே. பிறந்தநாள் என்றாலும் சரி, சாமத்தியச் சடங்கு என்றாலும் சரி, பெண்களும் பிள்ளைகளும் வீட்டுக்குள் இருக்க, ஆண்கள் ஒவ்வொருவராக நழுவிக் கராஜுக்குப் போய்விடுவோம். அங்கே உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு மேலே விஸ்கிப் போத்தல் நிற்கும். கடதாசிக் கோப்பையில் ஊற்றி, நின்ற நிலையிலேயே குடித்துவிட்டு, வாயில் ஒரு பெப்பர்மிண்டைப் போட்டுக்கொண்டு திரும்பி வருவோம். எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் காணவில்லை. அதுதான் ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் கள்ளுத் தவறணைக்குப் போகிறவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பான் என்பார்கள். நாங்கள் அந்தத் தவறணையை வீட்டோடு ஒட்டிக் கட்டிக்கொண்டோம், அவ்வளவுதான்.

அதனால் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் கழிந்தும் நான் ஒரு பப்புக்குள் போய் இருந்ததில்லை. வேலைக்காகப் போயிருக்கிறேன். குளிரூட்டி திருத்துவது என் தொழில். பென்ரோஸில் எங்கள் வேலைத்தலம். இறைச்சிக் கடை, பூக்கடை, மருந்துக் களஞ்சியம் என்று குளிர் அறை எங்கே பழுதானாலும் வானை எடுத்துக்கொண்டு போவேன். பப்புகளுக்கும் போவேன். பின்வாசலால் போய், பின்வாசலால் வந்துவிடுவேன்.

ஒரு மாசி மாத வியாழக்கிழமை, தெற்கே புகிகோஹி தாண்டி உள்ள ஒரு சிறு ஊரின் பப்பிலிருந்து அழைப்பு வந்தது. நிலவறையின் குளிரூட்டி நின்றுவிட்டதாம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டம், செம்மண். ஊர் என்று சொல்ல ஒரு தெரு. அதில் டெய்ரி என்கிற ஒரு சில்லறைக் கடை, ஒரு டயர்க் கடை, ஒரு தேவாலயம், மூலையில் இந்த மரக் கட்டடம். முதலாளியம்மா வெளியே போயிருந்தார். சமையலுக்கு நிற்கிற பெண் கதவைத் திறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

விசிறி மோட்டார் எரிந்திருந்தது. மாற்றுவதற்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. வேலை முடிந்தபின் பார்த்தால் வெப்பநிலைக் கட்டுப்பாடு பன்னிரண்டு பாகையில் இருந்தது. பியருக்குப் பன்னிரண்டா? எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய மோட்டார் அதற்கு மேல் இழுக்கமாட்டாமல் இவர்களும் அதோடு சமாளித்திருக்கிறார்கள், பாவம் என்று நினைத்தேன். மூன்று பாகைக்கு இறக்கிவிட்டு, கேட்காமலே ஒரு நன்மை செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலை போன் அடித்தது.

"என்னுடைய நிலவறைக்கு வந்த ஆள் நீங்களா?" ஒரு பெண் குரல். "உள்ளே பனிக்காலம் ஆக்கிவிட்டுப் போயிருக்கிறீர்களே!"

"வேலை செய்யவில்லையா?"

"அதுதான் பிரச்சினை. அளவுக்கு மீறி வேலை செய்கிறது. நாலு பீப்பாய் பியரும் சோப்புத் தண்ணீர் மாதிரி மங்கிப்போய்க் கிடக்கிறது."

இருபது வருடத்தில் இப்படி ஒரு பிழை விட்டதில்லை. அன்று எனக்கு விடுமுறை. ஆனாலும் உடனே வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டேன்.

"எங்கயப்பா வெளிக்கிட்டுட்டியள்? இண்டைக்கு லீவெல்லோ?" என்று கேட்டாள் மனைவி.

"ஒரு இடத்தில பிழை விட்டிட்டன். போய்ச் சரிப்படுத்தோணும்."

"நீங்களோ?" என்று அவள் வியப்போடு பார்த்தாள். அந்த ஒரு சொல்லில் இருந்த மரியாதை என்னை இன்னும் கூசச் செய்தது.

போய் நேரே நிலவறைக்கு இறங்கிப் பன்னிரண்டுக்கு ஏற்றினேன். முதலாளியம்மா பின்னாலேயே இறங்கி வந்தார். அறுபதை நெருங்கிய, தோள் அகன்ற பெண். நரைத்த முடியை ஒரு பென்சிலால் குத்திக் கொண்டையாகக் கட்டியிருந்தார். ஏச்சுக் கேட்கத் தயாராக நின்றேன். அவர் ஏசவில்லை. மரச் சட்டத்தின் மேல் படுக்க வைத்திருந்த பீப்பாய் ஒன்றில் கையை வைத்து, ஒரு மாட்டைத் தடவுகிற மாதிரித் தடவினார்.

"இது ரியல் ஏல்" என்றார். "மற்றப் பியரை ஆலையிலேயே வடிகட்டி, காற்றை அடித்து முடித்துத்தான் அனுப்புவார்கள். இதற்குள்ளே ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. வந்த பிறகும் இங்கே கிடந்து நொதிக்கும். இரண்டு நாள் அசைக்காமல் வைத்தால் அடையும். குளிர் கூடினால் விறைத்துப் போய் மங்கும். சூடு கூடினால் புளிக்கும். பன்னிரண்டுதான் இதற்குச் சுகம்."

"எங்கள் ஊரில் கள்ளு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் உயிருள்ள சாமான்தான்" என்றேன்.

"அப்படியென்றால் உங்களுக்குப் புரியும். பழுதாகவில்லை, தெளிய இரண்டு மூன்று நாள் எடுக்கும். மேலே வாருங்கள். நீங்கள் செய்த வேலையை நீங்களே குடித்துப் பாருங்கள்."

அப்படித்தான் நான் முதல்தரமாக ஒரு பப்பின் முன்பக்கத்துக்கு வந்தேன், நிலவறைப் படியால் ஏறி. நண்பகல் நேரம். பெரிய யன்னல்கள், தெருவெல்லாம் தெரிகிறது. பாட்டு இல்லை, தொலைக்காட்சி இல்லை. ஒரு பெண் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு மேசையில் ஒரு சிறு பிள்ளை நிறம் தீட்ட, தகப்பன் பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் தின்றுகொண்டிருந்தான். மேசைக்குக் கீழே ஒரு கறுத்த நாய். பியர் ஊற்றிக் கொடுக்கிற மதுக் கட்டையில் மூன்று உயரமான மரக் கைப்பிடிகள் நின்றன. முதலாளியம்மா அதில் ஒன்றைப் பிடித்து, கிணற்றுப் பம்பு இழுப்பதுபோல் மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். கிளாஸுக்குள் பழுப்பு நிறத்தில், முகில் பிடித்த பியர் நிரம்பியது.

சுவரில் கரும்பலகை. சோக்கட்டியால் எழுதியிருந்தது: "இன்றைய ஏல் மங்கல். காரணம் குளிர்ப்பெட்டி வைத்தியர். ருசியில் குறைவில்லை."

"இவர்தான் அந்த வைத்தியர்" என்று முதலாளியம்மா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

எனக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்த மனிதர் திரும்பினார். காதில் கேட்கும் கருவி, மூட்டுப் பருத்த விரல்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று பிறகு அறிந்தேன். ஊரில் முப்பது, நாற்பது வயதான அத்தனை பேரையும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். தன் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இந்த ஊர்ப் பனிமூட்டத்துக்குள்ளே எத்தனையோ வருஷம் பஸ் ஓட்டியிருக்கிறேன்" என்றார். "குடிப்பது இதுதான் முதல்தரம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அரைக் கிளாஸ் தந்திருந்தார்கள். முதல் மிடறு எனக்குப் பிடிக்கவில்லை. பியர் என்றால் பல்லுக் கூசுகிற குளிர், மூக்கில் ஏறுகிற காற்று என்றுதான் நினைத்திருந்தேன். இதில் இரண்டும் இல்லை. இரண்டாவது மிடறில் கருகின பாண் துண்டின் வாசம் வந்தது. மூன்றாவதில் ஒரு மெல்லிய கசப்பு, நாக்கின் அடியில், அவசரமில்லாமல். குளிர் மறைத்து வைத்திருந்த ருசி ஒன்று இருந்திருக்கிறது. கராஜில் நின்று விழுங்கின வருடமெல்லாம் அது எனக்குத் தெரியவில்லை.

அப்போது யன்னலுக்கு வெளியே ஒரு வாகனம் வந்து நின்றது. எங்கள் ஆட்கள் மாதிரி மண்ணிற முகம் ஒன்று இறங்கியது. நான் என்னையறியாமல் கிளாஸை எடுத்துச் சாப்பாட்டு அட்டைக்குப் பின்னால் வைத்தேன். இறங்கியவர் தலைப்பாகை கட்டிய ஒரு தோட்டக்காரர். தெருவைக் கடந்து டயர்க் கடைக்குப் போனார்.

பஸ்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரிடமிருந்து ஒளிக்கிறீர்கள்?"

"ஒருவரிடமும் இல்லை. பழக்கம்."

"இங்கே ஒளிக்க இடமில்லை" என்றார். "அதற்குத்தான் யன்னலை இவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறோம்."

அட்டைக்குப் பின்னாலிருந்து கிளாஸை எடுத்து முன்னால் வைத்தேன். சின்னக் காரியம்தான். ஆனால் அப்படி வெளிச்சத்தில் இருந்து, ஒருவரும் அவசரப்படுத்தாமல், பெயர் தெரியாத மனிதர்களோடு மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்த அந்த முக்கால் மணித்தியாலம் எனக்கு நன்றாக இருந்தது. போகும்போது முதலாளியம்மா சொன்னார்: "அடுத்த சனி வாருங்கள். தெளிந்ததைக் குடித்துப் பார்த்தால்தான் நீங்கள் என்ன கெடுத்தீர்கள் என்று விளங்கும்."

போனேன். தெளிந்திருந்தது. கிளாஸுக்கு அந்தப் பக்கம் இருந்த குறுக்கெழுத்துப் பெண்ணின் கண்ணாடிச் சட்டம்கூடத் தெரிந்தது. பஸ்காரர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். கரும்பலகையில் "வைத்தியர் கைவிட்டார், நோயாளி பிழைத்தார்" என்று எழுதியிருந்தது.

மூன்றாவது தரம் வெளிக்கிட்டபோது மனைவி வாசலில் நின்றாள். அவளுக்கு மனுகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, நடக்க வைக்கிற வேலை. மனிதர் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள்.

"அந்த இடத்துப் பிழை இன்னும் சரிவரேல்லையோ?"

"சரிவந்திட்டுது."

"அப்ப?"

மறைப்பதில் பிரயோசனம் இல்லை. "அது ஒரு பப். சும்மா இருந்து கதைச்சிட்டு வாறன். அரைக் கிளாஸ்தான்."

என் மாமனார், அதாவது அவளுடைய தகப்பன், பொல்லாத குடிகாரர். சம்பள நாளில் அவரைத் தேடித் தவறணை வாசலுக்குப் போய் நின்ற பிள்ளை அவள். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகக்கூடாது என்பதற்காக வெளியே நின்று "அப்பா, அப்பா" என்று கூப்பிடுவாளாம். கலியாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு தரம் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"நீரும் வாருமன்" என்றேன். "வந்து பாரும். பிடிக்காட்டி இனிப் போகமாட்டன்."

"தவறணைக்கு நானோ?" என்றாள். பிறகு, "அங்கால வெங்காயம் நல்ல மலிவாம். நான் வெங்காயம் வாங்கத்தான் வாறன்" என்று சேலையை மாற்றி ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள்.

வெங்காயம் ஒரு சாக்கு வாங்கிப் பின்னால் போட்டோம். பப் வாசலில் அவள் சற்று நின்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்த நாய் எழுந்து வந்து அவள் செருப்பை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தது. அவள் உள்ளே வந்தாள்.

அவளுக்கு இஞ்சிப் பியர். அதில் மது இல்லை என்று மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்தினாள். முதலாளியம்மா அவளுக்கு முன்னால் வந்து இருந்து, எங்கே வேலை என்று கேட்டார். சொன்னவுடன் அவர் முகம் மாறியது. அவருடைய தாயும் ஒரு இல்லத்தில் இருக்கிறாராம். சாப்பிட மறுக்கிறாராம். இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினார்கள். நானும் பஸ்காரரும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஒரு மணித்தியாலம் போனது.

திரும்பும்போது காரை அவள்தான் ஓட்டினாள். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எடுத்தாள். பிறகு சொன்னாள்: "அங்க ஒருத்தரும் வெறியில இல்லையே."

"இல்லை."

"குழந்தைப் பிள்ளையளும் இருக்குதுகள்." இன்னும் கொஞ்சத் தூரம் போனபின், "அந்த மனிசிக்கு வலது மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு. அந்தப் பம்பை இழுத்து இழுத்துத்தான். பிசியோவிட்டப் போகச் சொன்னனான்" என்றாள்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு தரம், சில மாதம் இரண்டு தரம், இருவரும் போனோம். கோயிலில் யாராவது கேட்டால் "வெங்காயம் வாங்கப் போறனாங்கள்" என்பாள். ஒக்லாந்துக்குள்ளேயே, சான்ட்ரிங்ஹாமில் கடைக்குக் கடை வெங்காயம் கிடக்க, இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மலிவென்றால் எங்கள் ஆட்கள் எவ்வளவு தூரமும் நம்புவார்கள்.

அடுத்த வருடம் கோடை முடிகிற நேரத்தில் ஒரு புயல் வந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க மழையும் காற்றும். எங்கள் வீட்டுக் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தெற்கே மரங்கள் விழுந்து கம்பி அறுந்து பல ஊர்களுக்கு மின்சாரம் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். சனிக்கிழமை விடிய முதலாளியம்மா போன் எடுத்தார். இந்த முறை குரலில் பகிடி இல்லை.

"கரண்ட் இல்லை. நிலவறை பதின்மூன்றரைக்கு ஏறிவிட்டது. இன்றைக்குப் பின்னேரம் பஸ்காரரின் எண்பதாவது பிறந்தநாள். மூன்று பீப்பாய் திறந்து வைத்திருக்கிறேன். ஜெனரேட்டர் எல்லாம் பால் கறக்கிற கொட்டில்களுக்குப் போய்விட்டது, மாடு காத்திருக்காது. நீங்கள் ஏதாவது செய்ய முடியுமா?"

மின்சாரம் இல்லாமல் குளிரூட்டிக்காரன் என்ன செய்வான்? கையில் ஆயுதம் இல்லாத சண்டைக்காரன் மாதிரி. ஆனாலும் வருகிறேன் என்றேன்.

"இந்தக் காத்துக்குள்ள உங்களைத் தனிய விடமாட்டன்" என்று மனைவியும் ஏறினாள்.

தெருவெல்லாம் கொப்பும் இலையும். இரண்டு இடத்தில் சுற்றிப் போகவேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. காற்று திசை மாறி, துருவம் இருக்கிற தெற்கிலிருந்து, உலர்ந்து, குளிராக அடித்தது. நிலவறையில் வெப்பமானி பதினாலைத் தொட்டிருந்தது. நான் சுற்றிப் பார்த்தேன். தெற்குச் சுவரில், நிலத்தோடு ஒட்டி, பலகை அடித்து மூடிய ஒரு காற்று வழி இருந்தது. குளிரூட்டி வருவதற்கு முந்திய காலத்தது. எதிர்ப்பக்கத்தில் பீப்பாய் இறக்குகிற மேல் கதவு. பலகையைக் கழற்றி, மேல் கதவையும் திறந்துவிட்டால் இந்தக் காற்று கீழால் வந்து மேலால் போகும். பீப்பாய்களுக்கு மேல் ஈரத் துணி போட்டால், அந்தக் காற்று ஈரத்தை உலர்த்தும்போது சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். குளிரூட்டிக்குள் நடப்பதும் அடிப்படையில் அதுதான்.

"சாக்கு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

முதலாளியம்மா மேசை விரிப்புகளைக் கொண்டுவந்தார். மனைவி தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். "இது மெல்லிசு. கெதியில காஞ்சு போடும். துவாய் கேளுங்கோ. பெரிய துவாய்." பிறகு தானே ஆங்கிலத்தில் கேட்டாள். மாடியில் இருந்த குளியல் துவாய்கள் எல்லாம் வந்தன.

கொல்லையில் மழைத் தண்ணீர்த் தாங்கி இருந்தது. நான் வாளியில் கொண்டுவந்து கொடுக்க, மனைவி துவாயை நனைத்து, தண்ணீர் ஒழுகாத அளவுக்குப் பிழிந்து, பீப்பாய்களைப் போர்த்தினாள். அவள் கை போன விதத்தைப் பார்க்கவேண்டும். ஒரு சுருக்கம் இல்லை, பீப்பாய் ஒரு அசைவு அசையவில்லை.

"கடுங்காய்ச்சல்காரரை இப்பிடித்தான் துடைக்கிறனாங்கள்" என்றாள். "திடீரெண்டு குளிரப் பண்ணக்கூடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தோணும்."

அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாற்றினோம். பதினாலு பதினாலிலேயே நின்றது. மத்தியானம் பதின்மூன்றரைக்கு இறங்கியபோது முதலாளியம்மா வெப்பமானியை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்து, "என் தாயை நீங்கள்தான் பார்க்கவேண்டும்" என்றார்.

இரண்டு மணிக்கு ஊர் வரத் தொடங்கியது. பிறந்தநாளுக்கு அழைத்தவர்கள் மட்டுமல்ல. வீடுகளில் அடுப்பு இல்லை, வெளிச்சம் இல்லை, உறைபெட்டியில் இறைச்சி இளகிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கொரு பையில் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கொல்லையில் எரிவாயு அடுப்புகளைப் போட்டு வாட்டத் தொடங்கினார்கள். முதலாளியம்மா அங்கே ஓடினார். உள்ளே மற்றப் பியர்க் குழாய்கள் குளிர் இல்லாமல் வெறும் நுரையைத் துப்பின. கைப்பம்பு மூன்றுக்கும் மின்சாரம் தேவையில்லை. கையிருந்தால் போதும். ஆனால் இழுக்க ஆள் ஒன்று, சமையலுக்கு நிற்கிற பெண்தான். வரிசை வாசல்வரை நின்றது.

முதலாளியம்மா கொல்லைக் கதவால் தலையை நீட்டினார். வலது மணிக்கட்டில் பட்டி கட்டியிருந்தார். மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "உங்களால் இழுக்க முடியுமா? கொஞ்ச நேரம்?"

நான் பயந்துபோனேன். "நான் இழுக்கிறேன்" என்று எழும்பினேன்.

மனைவி என் தோளில் கையை வைத்து இருத்தினாள். "நீங்கள் துவாயைப் பாருங்கோ" என்றாள். போய் மதுக் கட்டைக்குப் பின்னால் நின்றாள்.

முதல் கிளாஸில் பாதி நுரை. இரண்டாவதும் அப்படித்தான். சமையற்காரப் பெண் பக்கத்திலிருந்து, "நீளமாக இழுங்கள், வெட்டி இழுக்காதீர்கள்" என்றாள். மூன்றாவதில் அவளுக்குப் பிடிபட்டது. படுக்கையில் இருக்கிற ஆளை முதுகில் கை கொடுத்து எழுப்புகிற மாதிரி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஒரே நிதானத்தில் இழுத்தாள். கிளாஸ் விளிம்புவரை நிரம்பி, மேலே ஒரு விரல் அகலத்துக்கு நுரை நின்றது. முதல் சரியான கிளாஸைப் பஸ்காரருக்கு நீட்டினாள்.

அவர் வழக்கம்போல வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். யன்னலுக்கு வெளியே மேகம் கலைந்து வெயில் வந்திருந்தது.

"எண்பது வருஷத்தில்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். "நன்றி, பிள்ளை" என்று மட்டும் சொன்னார். ஐம்பது வயதான என் மனைவி கன்னம் சிவந்துபோய் அடுத்த கிளாஸை எடுத்தாள்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தாள். நான் நிலவறையிலிருந்து ஈரத் துவாயோடு ஏறி வரும்போதெல்லாம் பார்ப்பேன். யாரோ ஒருவனுக்கு நாலாவது கிளாஸ் கொடுக்க மறுத்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றாள் ஆங்கிலத்தில். ஆறடி உயரமான அந்த மனிதன் "யெஸ்" என்று சொல்லிக் கொல்லைக்குப் போய், தட்டோடு திரும்பி வந்து அவளுக்குக் காட்டினான்.

ஒரு தரம் சனம் குறைந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். அவள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பாவுக்கும் இப்பிடி ஆரும் சொல்லியிருக்கலாம். போய்ச் சாப்பிட்டிட்டு வா எண்டு."

கட்டையில் கிடந்த அவள் கையைப் பிடித்தேன். ஈரமாக, பியர் வாசத்தோடு இருந்தது. "விடுங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றாள். ஆனால் உடனே இழுத்துக்கொள்ளவில்லை.

நான் எடுத்த படம் ஒன்றை, போனுக்குச் சிக்னல் வந்தவுடன் வெலிங்டனில் இருக்கிற மகளுக்கு அனுப்பினேன். மதுக் கட்டைக்குப் பின்னால், கையில் கைப்பிடியோடு, தாய். பதினைந்து நிமிடத்துக்கு மறுமொழி இல்லை. பிறகு ஆங்கிலத்தில் வந்தது: "அப்பா, இது அம்மாவா?" அடுத்ததாக ஒரு வரி: "அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்கிறார்களா?" மூன்றாவதாக வெறும் சிரிப்பு முகங்கள்.

மின்சாரம் மறுநாள் மத்தியானம் வந்ததாம். பியர் கெடவில்லை. கெடுவதற்கு அதில் ஒன்றும் மிஞ்சவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கோயிலில் வெங்காயக் கதை நின்றுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து படியில் இருந்தபோது, யாரோ கேட்க, மனைவி நேராகவே சொன்னாள்: "நாங்கள் ஒரு பப்புக்குப் போறனாங்கள். நல்ல சனம். நான் இஞ்சிப் பியர் குடிப்பன், இவர் அரைக் கிளாஸ் குடிப்பார்." கேட்டவர் வாயை மூட மறந்துவிட்டார். அடுத்த மாதம் அவரும் மனைவியும் எங்களோடு வந்தார்கள். அவருக்கு ரியல் ஏல் பிடிக்கவில்லை. குளிர் காணாது என்று முறைப்பட்டார். கராஜ்தான் தனக்குச் சரி என்றார். அவருடைய மனைவிக்கு அந்த நாயைப் பிடித்துவிட்டது.

முதலாளியம்மாவின் தாய் பனிக்காலத்தில் இறந்துபோனார். அதற்கு முந்தி இரண்டு முறை மனைவி போய்ப் பார்த்தாள். மா போட்டுக் கொஞ்சம் தடிப்பாக்கிய சூப்பைச் சின்னக் கரண்டியால், பேசிப் பேசிக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு கோப்பை முழுதும் குடித்தாராம். செத்த வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். பின் வரிசையில் இருந்த எங்களை முதலாளியம்மா வந்து முன்னுக்குக் கூட்டிப்போனார்.

போன ஞாயிறும் போயிருந்தோம். முதலாளியம்மா, கொய்யா மாதிரியான ஃபீஜோவாப் பழம் போட்ட புது ஏல் ஒன்றை வரவழைத்திருந்தார். பழத்தைப் பியருக்குள் போடுவது பாவம் என்றார் பஸ்காரர். அவர் இப்போது நடைவண்டி பிடித்துத்தான் வருகிறார். அதன் கைப்பிடி உயரம் பிழை என்று மனைவி குனிந்து, திருகாணியைத் தளர்த்தி, இரண்டு துளை மேலே ஏற்றிவிட்டாள். அவர் எழுந்து யன்னல்வரை நடந்து பார்த்தார். முதுகு நிமிர்ந்திருந்தது. நான் அந்தப் புது ஏலை ஒரு மிடறு குடித்தேன். பழ வாசம் தூக்கலாகத்தான் இருந்தது.

"எப்படி?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"பரவாயில்லை" என்றேன். "ஆனால் பழையதைத் தாருங்கள்."